கருங்கல்லின் இரண்டாவது அல்பம்

ஐம்பத்தெட்டு வயதும் மூன்று நாளும் ஆன ஒரு சனிக்கிழமை காலை, வால்தம்ஸ்டோவில் தன் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஜீவரத்தினம் ஒரு சபதம் செய்தார்.

கருங்கல் திரும்ப எழும்பும். இரண்டாவது அல்பம் வெளிவரும். லண்டன் அதிரும்!

'அதிரும்' என்ற சொல்லில் நுரை தெறித்துக் கண்ணாடி முழுக்கப் புள்ளி விழுந்தது. கீழே குசினியிலிருந்து அவருடைய மனைவி ஜெயகௌரியின் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

"கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு வாங்கோ!"

எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. முப்பது வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக் களைத்துப்போனவர். துடைத்தார்.

கருங்கல் என்றால் வீடு கட்டுகிற கல் இல்லை, இசைக்குழு. தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு பிளேஸ்டோவில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குள் நாலு இளந்தாரிகள் குந்தியிருந்து, ஹார்ட் ரொக்குக்குத் தமிழ் என்ன என்று யோசித்து, அகராதி பார்க்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலிலேயே கண்டுபிடித்த பெயர். ஜீவரத்தினம் கிற்றார். சண்முகராசா பாட்டு. றூபன் டிரம்ஸ். நாலாமவர் கனடாவுக்குப் போய் நன்றாக இருக்கிறார், அவரை விட்டுவிடுவோம். அடுத்த வருடமே ஒரு கசெற் வெளியிட்டார்கள். சத்தம் பொறுக்கக்கூடிய சனங்களிடையே அதற்கு நல்ல பெயர்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சாமத்திய வீட்டில், அதாவது பூப்புனித நீராட்டு விழாவில், வாசித்தபோது, ஜீவரத்தினத்தின் கிற்றார் உச்சத்துக்குப் போன நேரம், ஐந்து தட்டுக் கேக்கின் மேல் மூன்று தட்டும் தாமாகவே கீழே இறங்கி வந்தன. பெண்ணின் தாய்மாமன் அதற்குப் பின்னால் வந்தார். அன்றோடு கருங்கல் உடைந்தது.

அப்போது ஜீவரத்தினத்துக்குத் தோள்வரை முடி. அந்த முடி தோளிலிருந்து காதுக்குப் பின்வாங்கி, காதிலிருந்து உச்சிக்கு ஒதுங்கி, கடைசியில் முற்றாகவே நாடு கடந்துவிட்டது. இப்போது அவர் பஸ் ஓட்டுகிறார். இரண்டு தட்டு பஸ். இதுவரை ஒரு தட்டும் விழவில்லை.

உடைந்த கல்லை ஒட்டவைத்தவர் ஸ்ரீனிவாஸ். சென்னைக்காரர். கிழமை நாட்களில் ஒரு வங்கியின் கொம்பியூட்டர்களோடு மாரடிப்பார். சனி ஞாயிறுகளில் இல்ஃபோர்டில் தன் வீட்டுப் பின்வளவுக் கொட்டிலுக்குள் பாட்டு ஒலிப்பதிவு செய்வார். யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றிவிட்ட பழைய கசெற்றைக் கேட்டுவிட்டு, ஜீவரத்தினத்தைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தார்.

"சார், தமிழ்ல இவ்வளவு சத்தமா யாருமே பண்ணல சார். நீங்க லெஜண்ட். நான் பதிவு பண்ணித் தர்றேன். பேஸ் கிட்டாரும் நானே வாசிக்கிறேன்."

லெஜண்ட் என்ற சொல் ஜீவரத்தினத்தின் காதுக்குள் போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மண்டபம் பதிவாயிற்று. வால்தம்ஸ்டோவிலேயே, ஒக்ரோபர் மாதம் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. எட்டுப் பாட்டு வேண்டும். மெட்டும் தாளமும் தயார். பாட வேண்டியவர் சண்முகராசா.

அங்கேதான் கல் தடக்கியது.

"மச்சான், டொக்டர் சொல்லிப்போட்டார். ஹார்ட் கவனமாம்," என்றார் சண்முகராசா.

"ஹார்ட் ரொக்தானே. கவனமாத்தான் செய்வம்."

"அந்த ஹார்ட் இல்லையடா. இந்த ஹார்ட்." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "பிரஷர் நூற்றெண்பது. கத்தக் கூடாதாம். மெல்லமாய்ப் பாடலாமாம்."

இல்ஃபோர்ட் கொட்டிலுக்குள் மெல்லமாகவே பாடினார். 'எரிமலையே வெடி' என்று தொடங்கும் பாட்டு. எரிமலையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தியதுபோல இருந்தது. பிளேஸ்டோவில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் றூபன், ஆட்டுத் தொடையில் கத்தி போடுகிற அதே கையால் டிரம்ஸை வெளுக்கிறவர், அரைவாசியில் கொட்டாவி விட்டார். பாட்டு முடிய ஸ்ரீனிவாஸின் போனில் அவருடைய மனைவியின் செய்தி வந்தது.

"என்னவாம்?" என்று கேட்டார் ஜீவரத்தினம்.

"உள்ள எங்க குழந்தை ரெண்டு நாளா தூங்காம அழுதுட்டு இருந்துச்சு சார். இப்ப தூங்கிருச்சாம். ரொம்ப தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க."

ஜீவரத்தினம் இடிந்துபோய் வீட்டுக்கு வந்தார். வெளியே மழை. நனைந்த குடையைக் கொண்டுவந்து சோபாவில் வைத்தார். நினைத்துச் செய்யவில்லை. கவலை. ஜெயகௌரி அதைக் கண்டார்.

ஜெயகௌரிக்கு ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேர வேலை. முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள், ஒரு மண்டபம், மைக் கிடையாது. தேவையும் கிடையாது. ஒரு முறை அவர் "சிற் டவுன்" என்று சொன்னபோது தெருவில் போன தபால்காரர் மதிலில் குந்திவிட்டார் என்று ஒரு கதை இருக்கிறது.

"குடையை எங்கை வைக்கிறது? வாசலிலை வைக்கிறது!" என்று ஜெயகௌரி தொடங்கினார். "வாசல் எங்கை இருக்குது? வந்த வழியிலை இருக்குது! வந்த வழி தெரியாத மனுசன் லண்டன் முழுக்க பஸ் ஓடுறார்!"

ஜீவரத்தினத்தின் வலது கால் தானாகத் தரையில் தட்டத் தொடங்கியது. நாலு தட்டுக்கு ஒரு வரி. எட்டாம் தட்டில் மூச்சு. மூச்சு முடிய முன்னதைவிட ஒரு படி மேலே. அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு. அதை வாங்க மற்றப் பாடகர்கள் இருபது வருடம் சுருட்டுக் குடிப்பார்கள்.

"என்ன காலை ஆட்டுறியள்?"

"குளிருது."

குளிரவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. எரிமலையை இல்ஃபோர்டில் தேடினேன், அது என் வீட்டுக் குசினியில் இருந்தது என்று நினைத்தார். அடுத்த நாள் காலை போனில் பதிவை அமுக்கி, குசினித் தட்டில் பருப்புப் பேணிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, ரீசைக்கிளிங் குப்பைத் தொட்டிக்குள் கோழி எலும்பு போட்டார். இது நினைத்துச் செய்தது.

அன்று பின்னேரம் கொட்டிலுக்குள் அந்தப் பதிவு ஓடியது. நாலு நிமிடம் நாற்பது செக்கன். முடிந்தபோது றூபனின் கையிலிருந்து டிரம்ஸ் தடி விழுந்தது.

"யார் சார் இது?" என்று கேட்டார் ஸ்ரீனிவாஸ்.

"என்ரை மனுசி. பேசுறா."

"பேசுறதே இப்படின்னா, திட்டினா எப்படி சார் இருக்கும்?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றாலே திட்டுவதுதான் என்றும், சும்மா வாய் திறப்பதற்குக் கதைப்பது என்று பெயர் என்றும் றூபன் அவருக்கு விளங்கப்படுத்தினார். ஸ்ரீனிவாஸ் யோசித்தார். "எங்க வீட்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்," என்றார்.

சண்முகராசாவுக்குத்தான் மனம் உறுத்தியது. பாடகர் வேலை போனதற்காக இல்லை. "ஜீவா, தங்கச்சியிட்டைச் சொல்லிக் கேக்க வேண்டாமோ?"

"சொன்னால் காரியம் கெட்டுது. மைக்கைக் கண்டால் அவவுக்கு வாய் வராது. இயற்கையாய் வாற ஊற்று மச்சான், அதைக் குழப்பக் கூடாது."

"தெரிய வந்தால்?"

"எப்பிடித் தெரியும்? அவ இந்த மாதிரிப் பாட்டுக் கேக்கிற ஆளோ? என்ரை வீட்டிலை எனக்குத் தெரியாமல் ஒண்டும் நடக்காது."

றூபன் தடியைத் தேடுகிற சாக்கில் கீழே குனிந்து சிரித்தார்.

அடுத்த மூன்று கிழமை ஜீவரத்தினத்தின் வாழ்க்கையில் பொற்காலம். பாட்டுக்கு ஒரு குற்றம் என்று கணக்காகச் செய்தார். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டார். கனத்த, மெதுவான ஒரு பாட்டு வந்தது. வெள்ளை உடுப்போடு சிவப்புக் காலுறையைத் தோய்க்கப் போட்டார். எல்லாம் றோஸ் ஆகி, குதிரை வேகத்தில் ஒரு பாட்டு வந்தது. கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போனார். பூட்டிவிட்டுத் திறப்பை உள்ளே விட்டார். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். உள்ளுக்குள் தாளம் ஓடும். திட்டு வாங்கிக்கொண்டே மனிதர் முகம் மலர்ந்து நிற்பதைக் கண்டால் வேறு மனைவி டொக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள்.

ஒரேயொரு விசித்திரம். துவாய்க்காக ஜெயகௌரி ஞாயிறு ஒரு முறை பேசினார். திங்கள் காலை எழும்பி, ஒரு கோப்பை வெந்நீர் குடித்து, தொண்டையைச் செருமிவிட்டு, அதே துவாய்க்காக முதலிலிருந்து இன்னொரு முறை பேசினார். இரண்டாவது இன்னும் நன்றாக இருந்தது. கோபம் ஆறவில்லையாக்கும் என்று ஜீவரத்தினம் நினைத்தார். இரண்டாவதைத்தான் அல்பத்தில் சேர்த்தார்கள்.

ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதுதான் அல்பத்தின் முதுகெலும்பு. ஆறு நிமிடம். அதற்குக் கோழி எலும்பும் துவாயும் காணாது. பெரிய குற்றம் வேண்டும். ஜீவரத்தினம் நாட்காட்டியைப் பார்த்தார். வருகிற வியாழன் அவர்களுடைய முப்பதாவது திருமணநாள்.

மறப்பது என்று முடிவு செய்தார். இருபத்தொன்பது தடவை ஞாபகம் வைத்திருக்க அவர் பட்ட பாட்டை விட, இந்த ஒரு தடவை மறந்தது போல இருக்கப் பட்ட பாடு பெரிது.

வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். பருப்புப் பேணிக்குப் பின்னால் போன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் பூ இல்லை, பை இல்லை. ஜெயகௌரி புதுச் சேலை கட்டியிருந்தார். மேசையில் நண்டுக்கறி.

"இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, இடி விழுகிற இடத்தில் தோளைக் கொடுத்தபடி நின்றார்.

ஜெயகௌரி அவரைப் பார்த்தார். இனிப்பாகச் சிரித்தார்.

"மறந்துபோனியளோ? பரவாயில்லையப்பா. வேலைக் களைப்பு. இருங்கோ, நண்டு ஆறுது."

ஜீவரத்தினம் இருக்காமல் நின்றபடியே கேட்டார். "கோவம் வரேல்லையோ?"

"என்னத்துக்குக் கோவம்? நண்டுக் கால் வேணுமோ, உடம்பு வேணுமோ?"

வெள்ளிக்கிழமை கார்க் கதவை மதிலில் உரசினார். "கதவு இரும்புதானே," என்றார் ஜெயகௌரி. சனிக்கிழமை, இருபது நிமிடம் முன்னால் சொல்லிவிட்டு, சண்முகராசா வீட்டார் ஆறு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தார். "நல்லதாப் போச்சு, இடியப்பம் கூட அவிச்சுப்போட்டன்," என்றார் ஜெயகௌரி. ஞாயிறு, மனம் கலங்கி, ஜெயகௌரியின் தங்கை செய்து அனுப்பிய பயற்றம் பணியாரம் வாயில் வைக்கேலாது என்றார். உலகப் போர் இதைவிடச் சின்ன விஷயத்துக்குத் தொடங்கியிருக்கிறது.

"அவளுக்குக் கைப்பக்குவம் வராதுதான்," என்றார் ஜெயகௌரி. தங்கையையே விட்டுக்கொடுத்துவிட்டார்!

கொட்டிலில் அந்தப் பதிவுகளைக் கேட்டார்கள். ஆறு நிமிடம் அமைதி. நடுவில் ஒரு குக்கர் விசில்.

"விசில் நல்லாயிருக்கு அண்ணை," என்றார் றூபன்.

"சார், வர்ற புதன்கிழமைக்குள்ள எட்டாவது பாட்டு முடிக்கலைன்னா அல்பம் நேரத்துக்கு வராது. மண்டபத்துல நின்னு என்ன பண்ணப் போறோம்?" என்றார் ஸ்ரீனிவாஸ்.

இருபத்தேழு வருடம் காத்திருந்த அல்பம். ஏழரைப் பாட்டோடு மேடை ஏறினால், கேக் விழுந்த குழு என்ற பெயரோடுதான் கருங்கல் சாகும். ஜீவரத்தினம் அன்றிரவு சாப்பிடவில்லை. திங்கட்கிழமை பின்னேரம் ஜெயகௌரி உடுப்புக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தபோது போய் முன்னால் நின்றார்.

"கௌரி, என்னைப் பேசும்."

"என்னத்துக்கு?"

"சும்மா பேசும். ஆறு நிமிஷம்."

"விசரே உங்களுக்கு? பேசுறதுக்கு ஏதும் செய்தால்தானே பேசலாம்."

"கலியாணநாளை மறந்தனானல்லோ?"

"நீங்கள் எங்கை மறந்தனீங்கள்? வியாழக்கிழமை காலமை சேவ் எடுக்கேக்கை 'மறக்க வேணும், மறக்க வேணும்' எண்டு நூறு தரம் சொன்னது படியிறங்கி வந்து எனக்குக் கேட்டது."

ஜீவரத்தினம் கதிரையில் குந்திவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குடை, போன், எலும்பு, துவாய், ஏழு பாட்டு, எட்டாவது பாட்டு. ஜெயகௌரி சேட்டின் கழுத்துப் பட்டியை மடித்து, அயர்ன் பண்ணி, திருப்பி, மற்றப் பக்கமும் அயர்ன் பண்ணினார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் நீர் திடுக்கிடேல்லை?"

"அப்பா, நான் இந்த வீட்டிலை நாளாந்தம் பருப்புக் காய்ச்சிறன். பருப்புப் பேணியை எடுக்காமல் மூண்டு கிழமை எப்பிடிக் காய்ச்சிறது? முதல் நாளே கண்டனான். போன் அங்கை சிவப்புப் புள்ளி காட்டிக்கொண்டு நிக்குது. பேந்து றூபன்ரை கடைக்கு இறைச்சி வாங்கப் போனனான். கேட்டன். சொல்லிப்போட்டான்."

"றூபனோ!"

"அவன்ரை கையிலை கத்தி இருந்தது. ஆனால் பயந்தது அவன்தான்."

ஜீவரத்தினத்தின் மூளை மெல்ல மெல்லப் பின்னுக்கு ஓடியது. "அப்ப அந்தத் துவாய்?"

"ஞாயிறு தொண்டை கட்டியிருந்தது. நடுவிலை ஒரு வரி நல்லா வரேல்லை. அதுதான் திங்கக்கிழமை இன்னொருக்காப் பேசினனான். ரெண்டாவதைத்தானே போட்டனீங்கள்?"

"ஓம்," என்றார் ஜீவரத்தினம் தீனமாக.

"நல்லது. இனிப் பருப்புப் பேணிக்குப் பின்னாலை நிண்டு பாட ஏலாது. நான் ஸ்டூடியோவுக்கு வாறன். நல்ல மைக்கிலை பாடுறன். அல்பத்திலை என்ரை பெயர் முதலாவதாய்ப் போட வேணும். மற்றது, உங்கடை அந்தக் கிற்றார் தனி வாசிப்பு எவ்வளவு நேரம்?"

"மூண்டு நிமிஷம்."

"இருபது செக்கன். நான் மூச்சு எடுக்கிற நேரத்திலை வாசியுங்கோ."

ஜீவரத்தினம் சம்மதித்தார். சம்மதித்தபடியே உள்ளுக்குள் தேறினார். மைக்கைக் கண்டால் கை கால் நடுங்கும், அப்போது நான்தான் தைரியம் சொல்ல வேண்டி வரும், தனி வாசிப்பு திரும்ப மூன்று நிமிடத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டார். சிங்கத்தைக் கூட்டுக்குள் கொண்டுபோனால் அது பூனையாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை சிங்கம் இல்ஃபோர்ட் கொட்டிலுக்குள் நுழைந்தது. எல்லோரையும் ஒருமுறை பார்த்தது.

"மேடம், மைக் டெஸ்ட் பண்ணணும். சும்மா ஏதாவது சொல்லுங்க," என்றார் ஸ்ரீனிவாஸ்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ!"

கருவியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போய் நின்றது. நாலு ஆண்களும் ஒரே நேரத்தில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்கள்.

றூபன் தாளத்தைத் தொடங்கினார். ஜெயகௌரி கண்ணை மூடிக்கொண்டு எட்டுத் தட்டு பொறுத்தார். திருமணநாளைப் பற்றிப் பேசப்போகிறார் என்று ஜீவரத்தினம் எதிர்பார்த்தார். அவர் பேசியது வேறு.

"தொண்ணூற்றாறிலை ஒருநாள் கேட்டன், நானும் பாடட்டோ எண்டு! புதுப் பொம்பிளை நான், பயந்து பயந்து கேட்டன், நானும் பாடட்டோ எண்டு! கிற்றாருக்குப் பின்னாலை இருந்து ஒரு மகாராசா சொன்னார், தேத்தண்ணி போடும்! பொம்பிளையள் இது பாடுறேல்லை, தேத்தண்ணி போடும்!"

ஜீவரத்தினத்தின் விரல் கம்பியில் நின்றுபோனது. அவருக்கு அது ஞாபகம் இல்லை. சண்முகராசாவின் முகத்தைப் பார்த்தார். சண்முகராசா நிலத்தைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது. சொன்னது உண்மை என்று அப்போதுதான் ஜீவரத்தினத்துக்கு விளங்கியது. பிளேஸ்டோ ஃபிளாட்டில், கிழமைக்கு மூன்று நாள், ஆளுக்கு மூன்று கோப்பை, இரண்டு வருடம். ஒவ்வொரு கோப்பையையும் ஜெயகௌரி எண்ணிவைத்திருந்தார். இஞ்சி போட்டது, போடாதது, சீனி கூட, சீனி குறைய, எல்லாம் வரி வரியாக வந்தன. ஆறாவது நிமிடத்தில் குரல் கூரையைத் தொட்டது.

"தேத்தண்ணி போடும்!" என்று அவர் கை காட்ட, சண்முகராசா தன்னை மறந்து, டொக்டரையும் மறந்து, திரும்பக் கத்தினார். றூபன் கத்தினார். ஸ்ரீனிவாஸ், "தேத்தண்ணின்னா டீ தானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கத்தினார்.

ஒரே தடவையில் முடிந்தது. ஜெயகௌரி கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

"கௌரி," என்றார் ஜீவரத்தினம். கிற்றாரைக் கழற்றிக் கீழே வைத்தார். "அது பிழைதான். நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஓம்," என்றார் ஜெயகௌரி. "இப்ப எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாங்கோ. எனக்குச் சீனி ஒண்டரை."

அல்பத்துக்குப் பெயர் வைக்க ஒருவரும் யோசிக்க வேண்டி இருக்கவில்லை. 'தேத்தண்ணி போடும்' வெளிவந்து பத்தாம் நாள், மண்டபத்தில் வைத்த கதிரைகள் போதாமல் பக்கத்துக் கோயிலில் இரவல் வாங்கினார்கள். வந்ததில் முக்கால்வாசி பெண்கள். கறுப்புச் சட்டை போட்ட பெட்டைகள், கறுப்புச் சேலை கட்டிய தாய்மார்.

ஜீவரத்தினம் மேடைக்குப் பின்னால் நின்று கிற்றாரைத் தடவினார். மன்னிப்புக் கேட்டதில் குறைவில்லை, மனப்பூர்வமாகத்தான் கேட்டார். ஆனால் இருபது செக்கன்! இருபத்தேழு வருடத்துக்கு இருபது செக்கன்! அல்பத்தில் சரி. மேடை வேறு. அங்கே அவர் தொடங்கினால் யார் நிறுத்துவது? அவர் றூபனைத் தனியே கூப்பிட்டார்.

"கடைசிப் பாட்டிலை நான் முன்னுக்குப் போய் மூண்டு நிமிஷமும் வாசிக்கப் போறன். என்ன நடந்தாலும் நீ அடிச்சுக்கொண்டிரு. கௌரிக்கு மூச்சு விடாதை."

"சத்தியமாச் சொல்ல மாட்டன் அண்ணை," என்றார் றூபன். சொல்லிவிட்டு நேரே ஜெயகௌரி இருந்த அறைக்குப் போனார். அன்று அவருடைய கையில் கத்தியும் இல்லை.

இப்போதெல்லாம் மேடையில் அந்தக் காலத்துப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் கிடையாது. வாசிக்கிறவர் காதுக்குள் சின்ன ஸ்பீக்கரைச் செருகிவிடுவார்கள். தன் வாசிப்பு மட்டும்தான் தனக்கு அதில் கேட்கும். மண்டபத்துக்கு எது போக வேண்டும் என்பது ஸ்ரீனிவாஸின் முன்னால் இருக்கிற பலகையில், ஒரு விரல் அளவு வேலை.

கடைசிப் பாட்டு வந்தது. ஜெயகௌரி மூச்சு எடுக்க நிறுத்தினார். ஜீவரத்தினம் பாய்ந்து மேடையின் விளிம்புக்குப் போனார். கண்ணை மூடினார். வாசித்தார்! காதுக்குள் கிற்றார் அழுதது, சிரித்தது, இடித்தது. முழங்காலில் நின்றார். எழும்ப ஏலாமல் அப்படியே பின்னுக்குச் சாய்ந்து, அதையும் ஒரு பாணியாக்கினார். கிற்றாரைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். இருபது செக்கன் போனது, ஒரு நிமிடம் போனது, ஜெயகௌரி தடுக்கவில்லை. மூன்று நிமிடமும் முழுதாக வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தபோது மண்டபமே எழும்பி நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. ஜெயகௌரியும் தட்டினார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தார் ஜீவரத்தினம். முப்பது வருடத்தில் முதல் வெற்றி. வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லோரையும் மறித்துக் கேட்டார்.

"எப்பிடி என்ரை வாசிப்பு?"

"பாக்க நல்லா இருந்தது அண்ணை," என்றார்கள் எல்லோரும்.

அடுத்த நாள் காலை லண்டன் தமிழ் வானொலி ஒன்றில் ஜெயகௌரியின் நேர்காணல். ஜீவரத்தினம் அன்றைக்கு லீவு போட்டு, றேடியோவைச் சத்தமாக வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் இருந்தார். அறிவிப்பாளர் றூபினி பாட்டைப் பற்றிக் கேட்டார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், சனம் எல்லாம் சேர்ந்து "தேத்தண்ணி போடும்" என்று மூன்று நிமிடம் கத்தியதைப் பற்றிக் கேட்டார். ஜீவரத்தினம் புருவத்தைச் சுருக்கினார். எந்த மூன்று நிமிடம்?

"அந்த நேரம் மேடையிலை ஒருத்தர் சத்தமே போடாமல், கையிலை ஒரு கிற்றாரை வைச்சுக்கொண்டு அபிநயம் செய்தவர்," என்றார் றூபினி. "எங்களுக்கு நல்லாப் பிடிச்சுது. ஆர் அக்கா அந்த டான்ஸர்?"

"எங்கடை ஆள்தான்," என்றார் ஜெயகௌரி. "புதுசு. இப்பதான் பழக்கிக்கொண்டு வாறன்."